பிள்ளை காட்டும் நாள்

எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. லேப் டெக்னீஷியன் படிப்புக்காக மதுரைக்குப் போய், விடுதி அறையில் உள்தாழ்ப்பாளைப் பார்த்தபோது, தச்சர் கதவைத் திருப்பி மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். வார்டனிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க ஊர்ல திருடன் வீட்டுக்குள்ள இருந்து வெளியவா போவான்?" என்று கேட்டார். அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க நான்தான் விடுதியின் பேச்சு.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் சுபாவம். படிப்பு அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. குழாய்களுக்கு எண் போடுவேன், சாயப் புட்டிகளை வாங்கிய தேதி வாரியாக அடுக்குவேன். ஆனால் வீட்டை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. வீடு எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

தாண்டிக்குடிக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. அப்பா மலைவாழையும் காப்பியும் போட்டிருந்தார். குலைகள் பழனிக்கு, பஞ்சாமிர்தம் செய்கிறவர்களுக்குப் போகும். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அடுத்த வீட்டில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள். பெயருக்குத்தான் அது தனி வீடு. எங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்பதுவரை அவள்தான் சொல்லுவாள்.

படிப்பு முடிந்து கோடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தம் எடுக்கப் பிரசவ வார்டுக்குப் போவேன். பிறந்த குழந்தை தாயின் பக்கத்திலேயே படுத்திருக்கும். அது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த முறை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு மருமகளுக்கு ரத்தம் எடுக்கும்போது, பேச்சுவாக்கில் கேட்டேன்.

"இப்படிப் பிறந்த உடனே பிள்ளைய உங்ககிட்டயே விட்டுட்டாங்களே, உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

அவர் ஊசியை மறந்து என் முகத்தைப் பார்த்தார். "பெத்தவகிட்ட விடாம வேற யாருகிட்டங்க விடுவாங்க? எங்க மாமியாகிட்டயா? அவங்க வெத்தலப் பெட்டியையே எங்க வச்சோம்னு தேடுறவங்க."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். "எங்க பக்கம் பிள்ளை காட்டுற நாள் வரைக்கும் தனியாத்தான் வைப்பாங்க," என்றேன்.

"அதென்னங்க நாளு?"

பதிலுக்குப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரி பாச்சலூர்ப் பெண். எங்கள் ஊருக்கு அக்கம்பக்கம்தான். அவளும் அப்படி ஒரு நாளைக் கேள்விப்பட்டதில்லை. ரத்தக் குழாயைக் கையில் பிடித்தபடி லேபுக்கு நடந்தேன். எங்கள் ஊர் வழக்கம் என்று நான் நினைத்திருந்தது எங்கள் ஒரு வீட்டின் வழக்கம்.

அப்போது அக்கா முழுகாமல் இருந்தாள். அவளைக் கோடைக்கானலுக்குப் பக்கத்தில் அட்டுவம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர், அதிகம் பேசாத மனிதர். பிரசவத்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மார்கழியில், காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில், பெண் குழந்தை என்று ஆள் வந்து சொன்னான். லீவு போட்டுவிட்டுப் பண்ணைக்காடு வரை பஸ்ஸிலும் அதற்கப்புறம் ஜீப்பிலுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

குழந்தை அத்தை வீட்டில் இருந்தது. எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவளும் சில வாரங்களுக்கு முன்தான் பிள்ளை பெற்றவள். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் பால் கொடுத்தாள். அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது.

நான் தாழை நீக்கி உள்ளே போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது.

"பிள்ளையப் பாத்தியாடி?"

"பாத்தேன்."

"யார மாதிரி இருக்கு?"

"இன்னும் யார மாதிரியும் இல்ல. செவசெவன்னு, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "பொறந்த அன்னைக்கு அரிக்கேன் வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாங்க. மூஞ்சிகூடச் சரியாத் தெரியல. நெஞ்சு ரெண்டும் கல்லாக் கெடக்கு. குடுங்கன்னா, நாள் வரட்டும்கிறாங்க. அம்மா வந்தா வாயத் தெறக்க மாட்டேங்குது. நீயாவது கேளேன்."

காய்ச்சல் பால் கட்டியதால் வந்தது. அதைச் சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டு, நேரே அத்தையிடம் போனேன்.

அத்தை களத்தில் காப்பிக்கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள். என் கேள்வியை அவள் தட்டிக்கழிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்க அம்மாவோட அக்காவத்தான எங்க பெரிய தம்பிக்குக் கட்டுனோம்? அவளுக்குப் பிரசவச் சன்னி கண்டுருச்சு. ராவும் பகலும் கண்ண மூடல. செவத்தோட பேசுனா. பிள்ளையப் பாத்து, இது என் பிள்ள இல்ல, என் பிள்ளைய எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டா. நாங்க சிரிச்சோம். ஒருநா வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா, ரெண்டு பேரும் கெணத்துக்குள்ள கெடக்காங்க."

அவள் துழாவுவதை நிறுத்தவில்லை. எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள் என்பதே அன்றுதான் தெரியும். அந்தப் பெரியப்பா ஊரைவிட்டுப் போனவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

"அதுக்கப்புறம் உங்க அம்மாவக் கட்டிட்டு வந்தோம். கல்யாணப் பேச்சு முன்னாடியே முடிஞ்சது, மாத்த முடியல. ஒரே வயித்துல பொறந்தவளாச்சே. பயந்து கெடந்தோம். அதான் உங்கக்கா பொறந்தப்ப, காட்டிப் பாத்தோம்."

"என்னத்தக் காட்டி?"

"பிள்ளையத்தான். பொறந்ததும் பிரிச்சு வச்சுட்டு, நாள் பாத்து, மொதல்ல வேற பிள்ளையக் கொண்டுபோய் மடியில குடுக்கிறது. இது என்னுது இல்லன்னு சொன்னா அவளுக்குப் புத்தி தெளிவா இருக்கு. தெரியாம வாங்கிக்கிட்டான்னா சன்னி உள்ள இருக்குன்னு அர்த்தம். உங்க அம்மா வாங்கி மடியில போட்டுக்கிட்டா. பாலும் குடுத்தா. ஒரு வார்த்த சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இருபத்தஞ்சு வருசமா நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் நடக்கலைல்ல?"

நான் அங்கேயே களத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். உள்தாழ்ப்பாள் இல்லாத கதவுகள். பலகை போட்டுப் பூட்டிய கிணறு. சாவி அத்தையின் இடுப்பில். அம்மா குளிக்கும்போது மறைப்பைத் திறந்து வைத்து, வெளியே அத்தை அவரைக்காய் உரித்தபடி உட்கார்ந்திருப்பது. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா அல்ல, அத்தை பக்கத்தில் படுப்பது. அம்மாவோடு நான் தனியாக இருந்த ஒரு பொழுதைத் தேடிப் பார்த்தேன். என் சின்ன வயதில் அப்படி ஒன்றுகூட இல்லை. இவை எல்லாம் ஊரில் உள்ளது என்று நினைத்திருந்தேன். எல்லாம் அம்மா ஒருத்திக்காக வைத்தவை.

"நான் பொறந்தப்ப?"

"உன்னையும் பிரிச்சுத்தான் வச்சோம். காட்டிப் பாக்கல. தெரிஞ்சதத் திரும்ப எதுக்குப் பாக்கணும்? இப்ப உங்கக்காவத்தான் நாளைக்குக் காலையில காட்டிப் பாக்கணும்."

"அக்கா நாளைக்கு வாங்கிக்கிட்டா?"

"பிள்ள எங்கிட்ட வளரும். அவ புருசன் வீட்டுக்குப் போகட்டும். தடுக்கல. மாப்பிள்ளைகிட்டச் சீக்குன்னு சொல்லிக்கிடலாம்." அத்தையின் குரலில் கோபமில்லை. கிணற்றிலிருந்து இரண்டு உடல்களை எடுத்ததைப் பார்த்தவள் அவள். அதையும் நான் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது.

அப்பா வாழைக்குள் இருந்தார். முடிக்கொத்து நோய் அந்த வருஷம் எங்கள் சரிவிலும் வந்துவிட்டது. இலைகள் கொத்தாகக் குறுகி நிற்கும், குலை தள்ளாது. "ஏலே, கட்டையோட தோண்டு, வேர நிக்கவிடாத," என்று ஆளை ஏவிக்கொண்டிருந்தார். அக்காவிடமிருந்து பிள்ளையைப் பிரித்ததைப் பற்றி நான் கேட்டதும் மண்வெட்டிக் காம்பில் கையை ஊன்றினார்.

"நோவு தாய்க்கட்டையில இருந்தா கன்னுக்கும் வரும்மா. வெரசாப் பிரிச்சு வேற மண்ணுல வச்சாத்தான் நம்மால ஆனதச் செஞ்ச மாதிரி இருக்கும்."

"பிரிச்சு வச்ச கன்னு பிழைச்சிருக்காப்பா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார். "ஆனா பிரிக்காம எப்படி விடுறது?"

சன்னியைச் சோதிக்க ஒரு தோட்டக்காரர் வீட்டுக்குத் தோன்றிய வழி அது. எங்கள் லேபில் தெரியாத ரத்த மாதிரியைப் பார்க்கும்போது, தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதையும் எழுதக் கூடாது. தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே விடாத ஒருத்தியிடம், இது உன் குழந்தையா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் பதிலை வைத்து என் அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்திருந்தார்கள். அப்பாவை வாழைக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா அடுப்படியில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுவருவதற்கு.

"அம்மா, உனக்குத் தெரிஞ்சுமா நீ இதுக்குத் துணி மடிக்கிற?"

"மதினிக்குத் தெரியும்," என்று அத்தையைச் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்கு?"

"போய் அக்காவுக்கு ரசஞ்சோறு குடு. சூடா இருக்கும்போதே குடு."

பின்னறைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக் காலையில் முதலில் கொண்டுவருவது உன் பிள்ளை அல்ல, லயத்துப் பெண்ணின் பிள்ளை, வாங்காதே, என்னுது இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு, உன் பிள்ளை உன் கைக்கு வந்துவிடும். அவள் திரும்பச் சொல்லும்வரை விடவில்லை. "சொல்லிருவேன்," என்றாள். பெரியம்மா கதையைக் கேட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "கெணத்துல தண்ணி இறைக்கும்போதெல்லாம் அத்தை எண்ணிக்கிட்டே இருக்கும்ல, அது நம்மள எண்ணுனதுதானா?" என்றாள்.

மறுநாள் காலை அப்பா வாசல்நிலையில் நின்றார். அம்மா அவருக்குப் பின்னால். லயத்துப் பெண் அக்காவின் குழந்தையைக் கையில் ஏந்தி முற்றத்தில் நின்றாள். அவளுடைய பிள்ளைக்குக் காலையிலிருந்து பால் கொடுக்கவிடவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் அடையாளம் தெரியாமல் அக்கா ஏமாந்துவிடக்கூடும் என்பது அத்தையின் எண்ணம். அந்தப் பிள்ளை அத்தையின் கையில் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"வெரசா முடிங்க ஆத்தா," என்றாள் லயத்துப் பெண் வெளியிலிருந்து. "உங்க சோலி முடியுறதுக்குள்ள எம்பிள்ளைக்கு நாக்கு வறண்டுரும்."

அத்தை உள்ளே போய் அக்கா முன்னால் குனிந்தாள். "இந்தா உன் பிள்ள."

அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிப் பிள்ளையை வாங்கி, மாராப்பை விலக்கி, மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுகை நின்றது. பிள்ளை குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை அப்படியே எழுதுகிறேன். இவளுக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முந்தின நாள் முழுக்க அந்தச் சோதனையின் ஓட்டைகளை வரிசைப்படுத்தியவள் நான். அதன் முடிவு கண்முன்னால் வந்ததும் அத்தையைவிட வேகமாக நம்பியவளும் நான்தான்.

"பாத்தியா," என்று அத்தை அப்பாவிடம் திரும்பினாள்.

"என்னத்தப் பாக்கணும்?" என்றாள் அக்கா. தலையை நிமிர்த்தவில்லை, பிள்ளை மூச்சுத் திணறாமல் இருக்க விரலால் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். "இது என் பிள்ள இல்லன்னு எனக்குத் தெரியும். கையில வாங்குனதும் தெரியுது, பொறந்து நாளான பிள்ள கனம். அதுக்கு? பசிச்சுக் கத்துதே. என் பிள்ளைக்கு அவ குடுக்கா. அவ பிள்ளைக்கு நான் குடுக்கேன். அவளுக்கு என்ன சன்னியா?"

லயத்துப் பெண் வெளியே களுக்கென்று சிரித்து, அத்தை திரும்பியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை என்னைக் கைகாட்டினாள். "இது சொல்லிக்குடுத்திருக்கு. நேத்து சாயங்காலம் பூரா உள்ள உக்காந்து குசுகுசுன்னு பேசிச்சு. சொல்லிக்குடுத்ததத் திருப்பிச் சொல்லுதா. வாங்கினது வாங்கினதுதான்."

நான் சொல்லிக்கொடுத்தது உண்மை. அக்கா தானாகத் தெரிந்துகொண்டாளா, என் பேச்சை வைத்துச் சொல்கிறாளா என்று இனி யாராலும் பிரித்துக்காட்ட முடியாது. காப்பாற்றுவதாக நினைத்து அவளுடைய ஒரே சாட்சியை நானே கெடுத்துவிட்டேன். அத்தை அக்காவின் மடியிலிருந்து பிள்ளையை எடுக்கக் கையை நீட்டினாள். அப்பா தரையைப் பார்த்தபடி, "சரி, அப்படின்னா..." என்று தொடங்கினார்.

"எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல," என்றாள் அம்மா.

அவள் சொன்னது உரக்கக்கூட இல்லை. அப்பாவைத் தாண்டி அறைக்குள் வந்து நின்றாள்.

"எனக்கும் தெரியும், மதினி. அன்னைக்கு நீங்க கொண்டுவந்தது என் பிள்ள இல்லன்னு. பொம்பளப்பிள்ள பொறந்திருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. மடி நனைஞ்சதும் துணியப் பிரிச்சுப் பாத்தேன். ஆம்பளப்பிள்ள."

அக்காவின் மடியில் பிள்ளை குடித்துக்கொண்டே இருந்தது.

"தெரிஞ்சா ஏன் குடுத்த?" என்றாள் அத்தை.

"அழுதுச்சு. எனக்கு மாரு வெடிச்சிரும்போல இருந்துச்சு. அதுக்குப் பசி, எனக்கு வலி. குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் என் பிள்ளையக் குடுங்கன்னு கேப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாரும் வெளிய போய்த் தாப்பாப் போட்டுட்டீங்க."

அப்பா வாசல்நிலையை விட்டு உள்ளே வந்தார். "இத்தன வருசம். நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. கதவத் தட்டித் தட்டிச் சொன்னேன். தட்டுறா பாரு, சன்னி முத்திருச்சுன்னு நீங்க வெளிய பேசிக்கிட்டது எனக்குக் கேட்டுச்சு. அதோட நிறுத்திட்டேன்."

அவள் முற்றத்துக்குப் போய் லயத்துப் பெண்ணிடமிருந்து எங்கள் குழந்தையை வாங்கினாள். அத்தை வழியில் நின்றாள். அம்மா அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, அக்காவின் மறுபக்கத் தோளில் குழந்தையைச் சாய்த்தாள். ஒரு கணம் அக்கா இரண்டு பிள்ளைகளோடும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். லயத்துப் பெண் உள்ளே வந்து தன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். "வயிறு முட்டக் குடிச்சிருக்கான், களவாணி," என்றாள்.

அத்தை தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளே அக்காவையும் குழந்தையையும் நான் மலைக்கு மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அட்டுவம்பட்டிக்குப் போன பிறகு அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் இல்லாமல் அழுதாள். குழந்தை மூச்சு விடுகிறதா என்று விளக்கை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். அத்தான் பயந்துபோய் என்னிடம் வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்து, சில வாரங்களில் தேற்றினார்கள். பெரியம்மாவுக்கு வந்தது அவளுக்கும் கொஞ்சம் வந்ததா, அல்லது அந்தப் பின்னறை கொடுத்ததா என்று பெண் டாக்டரிடம் கேட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். பெரியம்மா உண்மையாகவே நோயாளி. அந்தப் பயமும் உண்மை. அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. எங்கள் குடும்பத்தில் நோய்க்காரி என்று வாழ்ந்து தீர்த்தது அவள்தான்.

அக்காவுக்குத் துணையாக அம்மா கோடைக்கானலுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம், அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது, வார்டுக்கு வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் லேபிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மேகம் இறங்கி எதிர் மரங்கள் மறைந்திருந்தன.

"நீ படிச்சவ," என்றாள். "ரத்தத்தப் பாத்தே நோவு சொல்லுறவ. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்லதான?"

"ஒண்ணும் இல்லம்மா."

தலையை ஆட்டினாள். குழந்தையின் காலைத் துணிக்குள் தள்ளி மூடினாள். பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்பப் பொறக்கவே இல்லையே," என்றாள்.

என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பளைப் பிள்ளை என்று துணியைப் பிரித்துப் பார்த்தவள், கதவைத் தட்டிச் சொன்னவள், எங்கள் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பிச் சொன்னவள். அவளுக்கே தன்மேல் முழு நம்பிக்கை இல்லை என்பதை நான் அந்தப் பெஞ்சில்தான் கண்டேன். எதைக் கொண்டு அவளுக்கு நிரூபிப்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. குழந்தை விழித்து முகத்தைச் சுளித்தது. "பசிக்குது இதுக்கு," என்று சொல்லி, அம்மா அதைத் தூக்கிக்கொண்டு அக்காவை எழுப்பப் போனாள்.